ஐயம் கேட்கும் அறிவு

(சங்கத்தின் வெள்ளிவிழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணக்கில் ஐயம் கேட்பது எப்படி?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கேட்பதற்கும் ஒரு முறை உண்டோ, வாயைத் திறந்து கேட்டுவிட்டால் போதாதோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். கேட்கத் தெரியாமையால் நான் இழந்தவை பல; எனக்காகப் பிறர் இழந்தது ஒன்று உண்டு. அதனை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பொருளுக்கு வருகின்றேன்.

நான் படித்த காலத்தில் நம் திருவள்ளூர்ப் பகுதி பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாக ஆனது 1997ஆம் ஆண்டிலேதான். அந்நாளில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். எனக்கு அது விளங்கவில்லை. கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து எப்படி வரும் என்று எழுந்து நின்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன் பல்லாண்டுகள் எழவில்லை. புரியாத இடத்திலெல்லாம் புரிந்தவன்போல் தலையசைக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தத் தலையசைப்பு என்னோடு தொழிற்கூடம் வரை வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். லேத் இயந்திரத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்தார். கைத்திறனில் அவருக்கு நிகரானவர் அங்கு இல்லை. எழுத்துக் கணக்கு மட்டும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் டேப்பர் கடைய வேண்டிய வேலை வந்தது. பெரிய முனையின் விட்டம் 50 மி.மீ.; சிறிய முனையின் விட்டம் 44 மி.மீ.; நீளம் 60 மி.மீ. காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை பாகை திருப்புவது என்று என்னைக் கேட்டார். இரண்டு விட்டங்களுக்கும் வேறுபாடு 6. அதை 60ஆல் வகுத்து 0.1 என்று கண்டேன். கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி, 5 பாகை 43 கலை என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். என் உள்ளத்தில் ஐயம் இருந்தது. வாய்பாட்டில் ஓர் இரண்டு வரும் என்று எங்கோ படித்த நினைவும் இருந்தது. எதிரில்தான் சூப்பர்வைசர் நின்றிருந்தார். கேட்கவில்லை. "உட்கார்" என்ற குரல் காதில் இருந்தது.

44 மி.மீ. இருக்க வேண்டிய முனை 38 மி.மீ. ஆயிற்று. வேலை ஸ்கிராப்பில் விழுந்தது. யார் கணக்குப் போட்டது என்று கேட்டபோது அந்த அண்ணன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் தப்பாகத் திருப்பிவிட்டேன்" என்றார். மறுநாள் முதல் அவரை வேலைக்கு அழைக்கவில்லை. துண்டுத்தாளை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவர் வாயிலைக் கடந்து சென்றதை இன்றும் காண்கின்றேன். ஒரு வினா என் வாயிலிருந்து வெளிவந்திருந்தால் அவர் வீட்டில் அடுப்பு அணைந்திருக்காது. ஆகவே, ஐயம் கேட்பது பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டென்றால், கேளாமையின் விலையை அறிந்தவன் என்ற ஒரு தகுதியே உண்டு.

கடிதத்தில் வந்த கணக்கு

கணக்கில் கேட்கும் முறைக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரும் எடுத்துக்காட்டு இருக்கின்றது. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜன், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி என்னும் கணிதப் பேரறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், பட்டம் பெறாதவர், ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறும் எழுத்தர். முன்பின் அறியாத ஒருவரிடம் அவர் கேட்ட முறையைச் சற்று ஊன்றிப் பாருங்கள்.

முதலாவதாக, தாம் யார், என்ன வேலையில் இருக்கின்றார், எதுவரை படித்தார் என்பதைச் சில வரிகளில் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாவதாக, ஹார்டி எழுதிய ஒரு நூலைத் தாம் படித்ததையும், அதில் 36ஆம் பக்கத்தில் பகா எண்களைப் பற்றி ஒரு கூற்று இருப்பதையும் குறிப்பிட்டு, அந்த இடத்திலிருந்து தம் செய்தியைத் தொடங்கினார். கேட்கப்படுபவர் நிற்கும் படிக்கட்டுக்கே சென்று நின்றுகொண்டு கேட்டார். மூன்றாவதாக, தாம் கண்ட முடிவுகளைத் தாள் தாளாக எழுதி உடன் இணைத்தார். நான்காவதாக, தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறினார்: இவற்றில் மதிப்புடையது இருக்குமானால் வெளியிட உதவ வேண்டும்; அனுபவமில்லாத தமக்கு அறிவுரை தர வேண்டும்.

ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர்த் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். பிப்ரவரி 8ஆம் நாள் விடை எழுதினார். அவ்விடையின் சாரம் என்ன தெரியுமா? 'நிறுவல்களை அனுப்பு, எப்படி இந்த முடிவுக்கு வந்தாய் என்று காட்டு' என்பதே. உலகமே வியக்கும் மேதையிடத்தும் கேட்கப்பட்டது வழிமுறைதான். நம் போன்றோரிடம் கேட்கப்படாமல் இருக்குமா?

இன்னொன்றையும் கருதுங்கள். பகா எண்களைப் பற்றி அக்கடிதத்தில் இராமானுஜன் கூறியது சரியன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. அந்தப் பிழை அவரைக் கெடுக்கவில்லை. தெளிவாகச் சொல்லப்பட்ட பிழையைத் திருத்த முடியும். மூடிவைத்த பிழையையோ ஒருவராலும் திருத்த முடியாது. என் துண்டுத்தாள் அத்தகையது.

அதற்கு முன் நிகழ்ந்ததும் அறிய வேண்டியதே. 1912இல் அவரது தாள்கள் இலண்டனில் ஹில் என்னும் பேராசிரியருக்கு அனுப்பப்பட்டன. முடிவிலாத் தொடர்களில் இராமானுஜன் வழி தவறிவிட்டதாக அவர் கருதினார். எனினும் ஓர் அறிவுரை தந்தார். எழுத்து தெளிவாக இருத்தல் வேண்டும், பிழைகள் நீங்கியிருத்தல் வேண்டும், பொருள் விளக்காத குறியீடுகளைக் கையாளுதல் கூடாது என்பதே அது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இருவருக்கு எழுதியும் பயன் விளையவில்லை என்று வரலாறு கூறுகின்றது. அதன் பிறகே ஹார்டிக்கு எழுதினார். ஒரு கதவு திறவாவிட்டால் அடுத்த கதவைத் தட்டியவர் அவர்.

ஒரு வரியில் அடங்கிய வினா

1907ஆம் ஆண்டில் வி. இராமசாமி ஐயர் என்னும் துணைக் கலெக்டரின் முயற்சியால் இந்தியக் கணிதக் கழகம் தோன்றியது. அதன் இதழில் வினாக்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. ஒருவர் வினா விடுப்பார். ஊர் ஊராக இருக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் விடை எழுதி அனுப்புவர். 1911இல் இராமானுஜன் அதில் ஒரு வினா விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவை அது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன என்பதே வினா. மாதங்கள் கடந்தும் விடை வராமையால் அவரே விடையளித்தார். விடை 3. எப்படி என்று பாருங்கள். 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இவ்வாறே விரித்துக்கொண்டு போனால் மேற்கண்ட கோவையின் வடிவம் கிடைத்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்க்கத்தக்க படிகள் இவை.

வினாவின் வடிவத்தை நோக்குங்கள். அதனைப் படிப்பவர் வேறெதையும் தேடிப் போக வேண்டியதில்லை. கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது என்பதில் குழப்பம் இல்லை. நல்ல வினா தன் காலில் தானே நிற்கும். ஜார்ஜ் போல்யா என்னும் ஹங்கேரி நாட்டு அறிஞர், கணக்குக்குத் தீர்வு காணும் வழி பற்றி 1945இல் வெளியிட்ட நூலில், எந்தக் கணக்கை எடுத்தாலும் தெரியாதது எது, தரப்பட்டவை எவை, நிபந்தனை எது என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளுமாறு மாணவர்க்குக் கூறுகின்றார். இம்மூன்றையும் எழுதி முடிக்கும்போதே பாதி ஐயம் தீர்ந்துவிடுவதை நீங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கண்டுகொள்ளலாம்.

கேட்கும் முறை

இனி, முறையைச் சொல்கின்றேன். என் மாலை வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருபவை இவை.

ஒன்று: கணக்கை முழுமையாக எழுதுங்கள். "டேப்பர் கணக்கு வரவில்லை ஐயா" என்பது வினா ஆகாது, அது பெருமூச்சு. அதனைக் கேட்கும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? கைப்பேசியில் பாதிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பதும் அத்தகையதே. எண்கள், அலகுகள், நிபந்தனைகள் எல்லாவற்றையும் கைப்பட எழுதுங்கள். எந்த நூல், எந்தப் பயிற்சி என்பதையும் சேர்த்தெழுதுங்கள்.

இரண்டு: நீங்கள் செய்து பார்த்ததைக் காட்டுங்கள். என் டேப்பர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். "பெரிய விட்டம் 50, சிறிய விட்டம் 44, நீளம் 60. வேறுபாடு 6ஐ 60ஆல் வகுத்தேன்; 0.1 வந்தது, அட்டவணையில் 5 பாகை 43 கலை என்று கண்டேன். வாய்பாட்டில் ஓர் இரண்டு உண்டென்று நினைக்கின்றேன். அது எங்கே வருகின்றது, ஏன் வருகின்றது?" இவ்வாறு நான் கேட்டிருந்தால் விடை சொல்பவருக்கு அரை நிமிடம் போதும். விட்டம் இருபுறமும் குறைகின்றது. ஆயின், உளி ஒரு புறத்திலிருந்தே வெட்டுகின்றது. ஆகவே விட்டத்தின் வேறுபாட்டில் பாதியை, அதாவது 3ஐ, நீளம் 60ஆல் வகுக்க வேண்டும். 0.05 கிடைக்கும், கோணம் 2 பாகை 52 கலை. அந்த இரண்டு ஏன் வந்தது என்பதை அறிந்தவன் வாழ்நாளில் அதனை மறவான். நாம் காட்டும் வழிமுறையில்தான் பிழை எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதை விடையளிப்பவர் காண முடியும்.

மூன்று: உங்கள் படியைச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பா, ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, கல்லூரியா என்பது தெரிந்தால்தான் விடையளிப்பவர் உங்களுக்கு எட்டும் சொற்களில் விளக்குவார். முக்கோணவியல் இன்னும் படிக்கவில்லையென்றால் படிக்கவில்லை என்று சொல்வதில் இழிவு ஏதுமில்லை.

நான்கு: குறியீட்டைத் தெளிவாக எழுதுங்கள். 1/2அ என்று ஒருவர் எழுதுகின்றார். அ என்பது 4 ஆனால் இதன் மதிப்பு என்ன? அரையை நான்கால் பெருக்கினால் 2. ஒன்றை, இரண்டு பெருக்கல் நான்கால் வகுத்தால் எட்டில் ஒன்று. எதனைக் கருதி எழுதினார்? (1/2)அ என்றோ 1/(2அ) என்றோ அடைப்புக்குறி இட்டிருந்தால் இடர் இல்லை. ஹில் பேராசிரியர் இராமானுஜனுக்குச் சொன்னது இதுதான்.

ஐந்து: ஒரு நேரத்தில் ஒரு வினா. பத்துக் கணக்கைக் கொண்டுபோய்க் கொட்டினால், விடை வேண்டுமென்று வந்தானா, விளக்கம் வேண்டுமென்று வந்தானா என்ற ஐயம் ஆசிரியருக்கு எழும். நாளை காட்ட வேண்டிய வீட்டுப் பாடத்தைப் பிறர் தலையில் வைப்பதற்குப் பெயர் ஐயம் கேட்டல் அன்று. விடையை மட்டும் வாங்கிச் செல்பவன் அடுத்த கணக்கிற்கும் அதே வாயிலில் வந்து நிற்பான்.

ஆறு: பணிவு வேண்டும், குனிவு வேண்டா. "அறிவில்லாதவன், மன்னிக்க வேண்டும், தொந்தரவு செய்கின்றேன்" என்றெல்லாம் நான்கு வரி கெஞ்சிவிட்டுக் கணக்கை ஒரு வரியில் எழுதுகின்றார்கள் நம் பிள்ளைகள். தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்ற பழக்கம் எழுத்திலும் வந்துவிடுகின்றது. அதனை விடுங்கள். ஒரு வணக்கம், ஒரு நன்றி, நடுவில் நேர்மையான வினா போதும். அறியாமை குற்றமன்று. கேட்கும் நாம் எவருக்கும் கீழானவர் அல்லர்.

ஏழு: விடை கிடைத்தபின் உங்கள் கடமை முடியவில்லை. விடையை வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பச் செய்து பாருங்கள். எந்தப் படி விளங்கவில்லையோ அந்தப் படியை மட்டும் சுட்டி மீண்டும் கேளுங்கள். விளங்கிவிட்டதென்றால், விளங்கியது என்று சொல்லுங்கள். விளங்காமல் தலையசைப்பதைப் போன்ற பொய் வேறில்லை. அதன் கணக்கு என்றேனும் ஒருநாள் ஸ்கிராப் குவியலில் வந்து சேரும்.

அடைக்கப்பட்ட வாயில்கள்

தம்பியரே, இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைத்துப் போவது முறையாகாது. முறையாகக் கேட்டால் எல்லாருக்கும் விடை கிடைத்துவிடும் என்று நான் சொன்னால் இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்கள் நகைப்பார்கள்.

இராமானுஜனை வறுமை வாட்டியது, அதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் துணைக் கலெக்டரான இராமசாமி ஐயரைக் காணச் செல்ல முடிந்தது. அவர் சென்னையிலிருந்த சேஷு ஐயர் முதலிய அன்பர்களிடம் அனுப்பினார். அவ்வழியே நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. நம் கும்மிடிப்பூண்டியைக் கடந்து வடக்கே போகும் இரயில் சென்று சேரும் அதே நெல்லூர்தான். பின்னர்த் துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயரும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றனர். இவர்கள் எல்லாரும் நல்லெண்ணம் கொண்டோர். அவர்களை நாம் போற்றுவோம். ஆனால் அக்காலத்தில் நம் சேரியிலிருந்து ஒரு பிள்ளை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எங்கே இருந்திருக்கும்? எந்தத் திண்ணையில் ஏறி நின்று அவன் தன் வினாவைக் கேட்டிருப்பான்?

இராமானுஜன் 1887இல் பிறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து 1891இல் பிறந்தார் அண்ணல் அம்பேத்கர். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தபோது நிகழ்ந்ததாக அவர் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் ஒன்றைக் குறிப்பிடுகின்றார். ஆசிரியர் ஒரு கணக்கைச் செய்யுமாறு அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்கள் தங்கள் உணவுப் பெட்டிகளை வைத்திருந்தனர். அவர் பலகையைத் தொடும் முன் ஓடிச்சென்று அப்பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள். கணக்குக்கு விடை காண எழுந்த சிறுவனுக்கு அவ்வகுப்பு அளித்த விடை அது.

அவர் உட்கார்ந்துவிட்டாரா? 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னையிலிருந்து இராமானுஜனின் கடிதம் கடல் கடந்து சென்ற அதே 1913ஆம் ஆண்டில், அம்பேத்கர் தாமே கடல் கடந்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். பின்னாளில் அவர் இந்நாட்டை நோக்கிக் கேட்ட கேள்விகள் எத்தகையவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சான்றுகளை அடுக்கி, எண்ணிக்கைகளைக் காட்டி, எதிராளி தப்பிச்செல்ல இடமின்றிக் கேட்டார். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டம் தந்த பெரியார் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் நம் மக்களுக்கென ஓர் இதழைத் தொடங்கி, நம் குறைகளையும் கேள்விகளையும் அச்சில் ஏற்றினார். 1894இல் அயோத்திதாசப் பண்டிதரின் தூண்டுதலால் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் திறந்தார். கேட்டவர்களால் திறந்த கதவுகள் இவை.

நாம் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கே இதனைச் சொன்னேன். ஒருவர் கடிந்துரைத்தால் வேறொருவரிடம் கேளுங்கள். கடிந்தவரின் சொல் உங்கள் வினாவின் மதிப்பைக் குறைப்பதில்லை.

விடையளிப்போருக்கு ஒரு சொல்

இங்கே ஆசிரியர்களும், பட்டதாரிகளும், தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருப்பவர்களும் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லை உங்கள் நாவிலிருந்து நீக்கிவிடுங்கள். அச்சொல் ஒரு கணக்கை மட்டும் மூடுவதில்லை. அதற்குப் பின் வரவிருந்த நூறு வினாக்களையும் மூடிவிடுகின்றது. முழு விடையையும் எழுதிக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த படியை மட்டும் காட்டி, மேலே அவனே ஏறட்டும் என்று காத்திருங்கள். வினா குழம்பியிருந்தால் சினவாமல், தரப்பட்டது எது, கேட்கப்பட்டது எது என்று திருப்பிக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதிலிருந்தும் கற்பார்கள்.

நன்னூல் இயற்றிய பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் சொல்லக் கேட்பதால் மாணவன் பெறுவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது கிடைப்பது. ஆகவே நேற்று கேட்டவன் இன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லட்டும். ஐ.டி.ஐ. முடித்த தம்பி, இயந்திரத்தருகில் நிற்கும் மூத்த தொழிலாளிக்கு அட்டவணை பார்க்கச் சொல்லித் தரட்டும். இப்பகுதித் தொழிற்சாலைகளின் வாயிலில் ஒப்பந்தக் கூலிகளாகவே நின்றுவிடாமல் உள்ளே சென்று இயந்திரத்தையும் கணக்கையும் ஆள வேண்டுமென்றால், நமக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தாக வேண்டும்.

மாலை வகுப்பின் மூலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுமாறு இச்சங்கத்தைக் கேட்டுக்கொள்கின்றேன். இடப்பக்கத்தில் எவரும் தம் ஐயத்தை எழுதலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. வலப்பக்கத்தில் தெரிந்தவர் எவரும் விடை எழுதலாம். இந்தியக் கணிதக் கழகம் தன் இதழில் செய்ததை நாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்வோம்.

அந்தப் பழைய வினா

இறுதியாக, ஏழாம் வகுப்பில் நான் கேட்டு உட்கார வைக்கப்பட்ட அந்த வினாவுக்கு வருகின்றேன். பல்லாண்டுகள் கழித்து அதற்கு விடை கண்டேன். கரும்பலகை இல்லை, மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

குறை 3ஐ 2ஆல் பெருக்கினால் குறை 6.
குறை 3ஐ 1ஆல் பெருக்கினால் குறை 3.
குறை 3ஐ 0ஆல் பெருக்கினால் 0.

பெருக்கும் எண் ஒன்று குறையும்போதெல்லாம் விடை மூன்று கூடிக்கொண்டே வருகின்றது. குறை 6, குறை 3, 0. இவ்வொழுங்கு கெடாமல் அடுத்து என்ன வர வேண்டும்? பெருக்கும் எண் குறை 1. விடை மிகை 3. பெருக்கலின் விதிகள் முன்பு போலவே நிற்க வேண்டுமானால் குறையைக் குறையால் பெருக்க மிகையே வந்தாக வேண்டும். நான் கேட்டதிலும் பொருள் இருந்தது. கடனைக் கடனால் பெருக்குவதில் பொருளில்லை. ஆனால் மாதம் மூன்று ரூபாய்க் கடன் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு ஒரு மாதம் முன்பு நிலை எப்படி இருந்தது என்று கேட்டால், இன்றைக்கு இருப்பதைவிட மூன்று ரூபாய் மிகையாக இருந்தது என்பதே விடை. நான்கு வரியில் முடியும் விளக்கம். அன்று அந்த நான்கு வரி எனக்குக் கிடைத்திருந்தால் பின்னாளில் தொழிற்கூடத்தில் வாய் திறந்திருப்பேன். அந்த அண்ணனும் மறுநாள் தம் இயந்திரத்தின்முன் நின்றிருப்பார்.

சங்கிலியின் முதல் கண்ணி நமக்கு இல்லை என்று சற்று முன் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தோன்றியது அக்கண்ணியாக இருப்பதற்கே. ஒரு பிள்ளை தன் ஐயத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது "உட்கார்" என்று சொல்லாமல், "முழுவதும் சொல், எதுவரை செய்தாய்?" என்று கேட்கும் ஓர் இடம் ஊருக்கு ஒன்று இருக்க வேண்டும். கேளுங்கள், முறையாகக் கேளுங்கள், நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

உங்களிடம் இருக்கும் முதல் வினாவுக்காகக் காத்து நிற்கின்றேன்.

வணக்கம். ஜெய் பீம்.